தண்ணீர், சண்டை, கடன்: உருவகங்கள் நம்மை எப்படி யோசிக்க வைக்கின்றன?

வாசகர் ஒருவரின் பதிவு, ஜூலை 4

உவமை, உருவகம் எல்லாம் கவிதைக்குச் சரி. அறிவியலுக்குச் சமன்பாடு இருக்கிறது, மருத்துவத்துக்குப் பரிசோதனை முடிவு இருக்கிறது, பொருளாதாரத்துக்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. விஷயம் சரியாகப் புரியாதவர்கள்தான் "அது இது மாதிரி" என்று சொல்லி ஒப்பேற்றுகிறார்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜூலை 4, இரவு

மறுப்பு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன், அதனால் எனக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாமாண்டு மாணவர்களுக்கு ஓம் விதியை, அதாவது வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் மூன்றையும் இணைக்கும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் கணக்கைச் சட்டென்று போட்டுவிடுவார்கள். எண் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ஒரு பேட்டரியில் எரியும் பல்புக்கு இன்னொரு பேட்டரியைப் பக்கவாட்டில், அதாவது பேரலலாக இணைத்தால் வெளிச்சம் கூடுமா? வகுப்பே யோசனையில் ஆழ்ந்துவிடும். சமன்பாடு அதேதான், ஆனால் எந்த எண்ணை எங்கே போடுவது என்று முடிவு செய்ய மனதில் ஒரு படம் தேவைப்படுகிறது. மொட்டை மாடித் தொட்டியைச் சொல்கிறேன். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது வோல்டேஜ், குழாயில் ஓடுவது கரண்ட், குழாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அது ரெசிஸ்டன்ஸ். ஒரு தொட்டிக்கு மேலே இன்னொரு தொட்டியை ஏற்றினால் கீழே வேகம் கூடும், அது சீரீஸ். இரண்டையும் ஒரே மாடியில் பக்கத்தில் வைத்தால் வேகம் கூடாது, தண்ணீர் அதிக நேரம் வரும், அது பேரலல். இதைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்தே சரியான பதில் வருகிறது.

இது என் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை. 1983-ல் அமெரிக்காவில் டெட்ரே கெண்ட்னரும் டொனால்ட் கெண்ட்னரும் இதையே ஆராய்ந்தார்கள். மின்சாரத்தை ஓடும் தண்ணீராக நினைக்கிறவர்கள் ஒரு பக்கம், ஒரு பாதையில் முண்டியடித்துப் போகும் கூட்டமாக நினைக்கிறவர்கள் மறுபக்கம். தண்ணீர்க்காரர்கள் பேட்டரி கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். கூட்டக்காரர்கள் ரெசிஸ்டர், அதாவது ஓட்டத்துக்குத் தடையாக இருக்கும் பாகம் பற்றிய கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். யோசித்தால் காரணம் தெரிகிறது. தடை என்பதைக் குழாயில் ஓர் அடைப்பாகப் பார்த்தால், இரண்டாவது தடையை எங்கே சேர்த்தாலும் ஓட்டம் குறையும் என்றே மனம் சொல்லும். அதையே கூட்டம் வெளியேறும் வாசலாகப் பார்த்தால், பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்தால் ஆட்கள் கூடுதலாகத்தானே வெளியே போவார்கள்? பேரலல் ரெசிஸ்டரில் நடப்பது அதுதான்.

விதி ஒன்று, சூத்திரம் ஒன்று. மனதில் எந்தப் படம் இருக்கிறது என்பதைப் பொறுத்து எந்தக் கணக்கு சரியாக வரும், எது தவறும் என்பது மாறுகிறது. ஒப்பேற்றுவதற்கு மட்டுமே பயன்படும் ஒன்றால் இது முடியாது.

ஜூலை 5, காலை

"அது மாணவர்களுக்கு. நிபுணர்களுக்கு உருவகம் தேவையில்லை" என்று பதில் வந்திருக்கிறது. கார்னோவைப் பாருங்கள்.

1824-ல் பிரான்சில் சாதி கார்னோ நீராவி எந்திரங்களைப் பற்றி எழுதியபோது வெப்பம் என்பது 'கலோரிக்' என்ற ஒரு பாய்மம் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அவர் நீர்ச்சக்கரத்தைப் பார்த்தார். தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது சக்கரம் சுழலுகிறது, அப்படியானால் வெப்பமும் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு 'விழும்போது' வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டார். அருவிக்கு எப்படி உயர வித்தியாசம் முக்கியமோ, எந்திரத்துக்கு வெப்பநிலை வித்தியாசம் முக்கியம். அதிலிருந்து அவர் பெற்ற முடிவு இன்றும் அசையாமல் நிற்கிறது: ஒரு வெப்ப எந்திரம் எட்டக்கூடிய உச்சத்தை இரண்டு வெப்பநிலைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன, உள்ளே ஓடுவது நீராவியா காற்றா என்பது பொருட்டில்லை.

கலோரிக் என்ற பொருளே கிடையாது. வெப்பம் தண்ணீரைப் போல முழுதாகக் கீழே வந்து சேர்வதுமில்லை, அதில் ஒரு பங்கு வேலையாகவே மாறிவிடுகிறது. இதை 1850-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் சரிசெய்தார். அப்படியும் கார்னோவின் முடிவு பிழைத்தது. உருவகத்தில் இருந்த பொருள் பொய்யாகப் போனாலும் அதற்குள் இருந்த உறவு மெய்யாக இருந்ததே காரணம்.

மாணவர்களை அனல்மின் நிலையத்துக்கு அழைத்துப் போனால் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்து யாராவது ஒருவர் கேட்பார்: "இவ்வளவு சூட்டை ஏன் சார் வீணாக்குகிறார்கள்?" கார்னோவின் அருவியை அங்கே வைத்துத்தான் விளக்குவேன். விழுவதற்குக் கீழே ஓரிடம் இல்லாமல் அருவி இருக்க முடியாது. 540 டிகிரியில் வரும் நீராவிக்கு 40 டிகிரியில் ஒரு கீழ்ப்பக்கம் கொடுத்தால், கணக்குப்படி உச்ச வரம்பே ஏறக்குறைய 61 சதவீதம். நடைமுறையில் கிடைப்பது 40-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான்.

ஜூலை 5, மதியம்

முந்தைய குறிப்புக்கு ஒரு சின்னச் சேர்க்கை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1856-ல் மின்காந்த விசைக்கோடுகளைப் பற்றி எழுதும்போது, அழுத்தினாலும் சுருங்காத ஒரு பாய்மம் குழாய்களில் ஓடுவதாகக் கற்பனை செய்துகொண்டார். அப்படி ஒரு பாய்மம் நிஜத்தில் இருப்பதாக நான் சொல்லவில்லை என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே தெளிவாக எழுதிவிட்டார். கருவியைக் கருவி என்று தெரிந்தே கையில் எடுத்தவர் அவர். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதையில் பாதி இதற்காகத்தான்.

ஜூலை 6, இரவு

தண்ணீரை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், அது எங்கே காலை வாரும் என்பதையும் எழுத வேண்டும்.

வகுப்பில் வழக்கமாக வரும் முதல் கேள்வி: "ஒயரை வெட்டினால் கரண்ட் ஏன் சார் ஒழுகவில்லை?" சிரிப்பு எழும், ஆனால் நல்ல கேள்வி. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், ஒயரை வெட்டினால் ஓட்டம் அந்த நொடியே நின்றுபோகும். தொட்டிப் படம் இங்கே உடைகிறது.

இரண்டாவது, சார்ஜர். "என் போனுக்கு ஒரு ஆம்பியர் சார்ஜர் போதும், தம்பியின் மூன்று ஆம்பியர் சார்ஜரைப் போட்டால் போன் எரிந்துவிடுமா?" படித்தவர்களும் இதைக் கேட்கிறார்கள். மேலேயிருந்து தொட்டி தள்ளுகிறது என்ற படம் அவர்கள் மனதில் இருக்கிறது. பெரிய சார்ஜர் என்றால் பெரிய தள்ளு, போன் தாங்காது. ஒயரிங் வேலை செய்பவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள், அவருக்குச் சந்தேகமே வராது. அவர் படிக்காமலே வேறொரு உருவகத்தில் வாழ்கிறார். "ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், இந்த ஒயர் தாங்காது" என்பார். அவர் உலகத்தில் லோடுதான், அதாவது மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவிதான் இழுக்கிறது, சப்ளை தள்ளுவதில்லை. வோல்டேஜ் பொருந்தினால் போதும், போன் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும், சார்ஜரில் மூன்று ஆம்பியர் என்று போட்டிருப்பது அதனால் கொடுக்க முடிந்த அதிகபட்சம்.

தள்ளுவது, இழுப்பது இரண்டுமே உருவகம்தான். ஒயர் அளவையும் ஃபியூஸையும் தேர்ந்தெடுக்க இழுப்பது உதவுகிறது, பேட்டரிகளை அடுக்கத் தள்ளுவது உதவுகிறது. பாடப்புத்தகத்தில் தள்ளுவது மட்டும் இடம்பிடித்திருக்கிறது. வயர்மேன் பேசுவதைப் பாடத்துக்குள் கொண்டுவந்தால் நம் பிள்ளைகள் பாதிச் சந்தேகங்களோடு வெளியே வரமாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜூலை 7

"ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிகிறதே, எலெக்ட்ரான் அவ்வளவு வேகமா?" என்று கேட்டவருக்கு.

இல்லை. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலெக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் நகர்கின்றன. ஒரு மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில் அதுவும் இல்லை, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கின்றன.

இதற்குத் தண்ணீரை விட்டுவிட்டுக் கயிற்றுக்குப் போகிறேன். நீளமான கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து பெரிய வளையமாக்கி, மாணவர்களை வட்டமாக நிற்கவைத்து எல்லோர் விரல்களுக்குள்ளும் லேசாக ஓடவிட வேண்டும். நான் ஓரிடத்தில் கைமாற்றி இழுப்பேன். நான் இழுக்கத் தொடங்கியதும் வட்டம் முழுக்கக் கயிறு நகரும், எதிர்ப்பக்கம் நிற்கிறவர் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு மாணவியை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். அவள் விரல் சூடாகும். "நீதான் பல்பு" என்பேன். கயிறு எங்கேயும் தீர்ந்துபோகவில்லை, அவள் கைக்குள் நுழைந்த அளவு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, ஆனாலும் என் தோள் வலிக்கிறது, அவள் விரல் சுடுகிறது. பல்பு கரண்டைத் 'தின்றுவிடுகிறது' என்ற எண்ணம் அந்த இடத்தில் உடைகிறது. பிறகு கயிற்றை முன்னும் பின்னும் அசைப்பேன். அப்போதும் விரல் சுடும். ஏசிக்கு வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை.

கயிற்றுக்கும் எல்லை உண்டு. ஓட்டம் இரண்டாகப் பிரியும் பேரலல் சர்க்யூட்டை ஒரே கயிற்றில் காட்ட முடியாது.

ஜூலை 8, இரவு

தமிழாசிரியர் ஒருவர் தொல்காப்பியத்தை நினைவுபடுத்தியிருக்கிறார், நன்றி. உவமவியலின் முதல் நூற்பாவே உவமை எவற்றால் அமையும் என்று நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுக்கும் கை என்றால் பயன். துடி (நடு ஒடுங்கிய சிறு பறை) போன்ற இடை மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் உரு, அதாவது நிறம். பள்ளியில் மனப்பாடம் செய்தது. இத்தனை ஆண்டுகளாக என் பாடத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

இன்று வைத்துப் பார்த்தேன். மின்சாரத்துக்குத் தண்ணீர்: வினை பொருந்துகிறது, பயன் பொருந்துகிறது, மெய்யும் உருவும் பொருந்தவில்லை. கார்னோவின் அருவி: அதே கதை. இயற்பியலாளர் ரூதர்போர்டின் அணுவுக்குச் சூரிய மண்டலம்: நடுவில் இருப்பது ஈர்க்கிறது, சுற்றியிருப்பது சுழல்கிறது, அந்த வினைதான் கடத்தப்படுகிறது. சூரியனின் மஞ்சள் நிறமோ சூடோ அணுக்கருவுக்கு வருவதில்லை. மேலே சொன்ன டெட்ரே கெண்ட்னர் அதே 1983-ல் முன்வைத்த கொள்கையின் சாரமும் இதுதான்: நல்ல ஒப்புமையில் பொருட்களின் பண்புகள் முக்கியமில்லை, பொருட்களுக்கு இடையிலான உறவுகள்தாம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகின்றன. தொல்காப்பியர் அறிவியல் எழுதினார் என்று நான் கிளம்பவில்லை, அவர் செய்யுளுக்கு இலக்கணம் எழுதினார். ஆனால் அந்த நான்கு கேள்விகளையும் எந்தத் துறையின் உருவகத்திடமும் கேட்கலாம். வினையும் பயனும் ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மெய்யும் உருவும் மட்டும் ஒத்திருந்தால் அது கண்ணுக்கு அழகு, கணக்குக்கு உதவாது.

ஜூலை 8, சற்றுப் பிறகு

அணுவைப் பற்றி இன்னொன்று. சூரிய மண்டலப் படம் ஒரு சிக்கலையும் கையோடு கொண்டுவந்தது. சுற்றும் எலெக்ட்ரான் ஆற்றலைக் கதிராக இழந்து, சுருண்டு கருவுக்குள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏன் என்று கேட்டுத்தான் 1913-ல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் தன் அணு மாதிரியை வைத்தார். பொருந்தாத இடமே அடுத்த கேள்வியைக் கொடுத்தது. இப்படி ஓரிடத்திலாவது முரண்டு பிடிக்காத உருவகம் எனக்குச் சந்தேகத்தையே தருகிறது.

ஜூலை 10

பேச்சு மருத்துவத்துக்கு வந்திருக்கிறது. இதை எழுத இரண்டு நாள் தயங்கினேன்.

என் சித்திக்குப் புற்றுநோய் வந்தபோது வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "தைரியமாகப் போராடுங்கள், ஜெயிச்சுடலாம்." நானும் சொன்னேன். சித்தி தையல் வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் கீமோ ஏறிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார்: "நான் எங்கப்பா சண்டை போடுறேன்? படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன், மருந்துதான் பாட்டுக்கு ஏறுது. நாளைக்கு சரியா வரலைன்னா நான் சரியா சண்டை போடலைன்னு சொல்வீங்களா?" என்னிடம் பதில் இல்லை. போர் என்றால் தோற்றவர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். மருந்து கேட்காமல் போனால் அந்தப் பெயர் நோயாளியின் தலையில் வந்து விழுகிறது. "புற்றுநோயுடன் போராடி மறைந்தார்" என்று செய்தியில் எழுதுகிறோமே, மாரடைப்பில் போனவருக்கு அப்படி எழுதுகிறோமா?

இந்தப் போர்ப் பேச்சு சும்மா வந்ததில்லை. கீமோதெரபியின் தொடக்கமே போர்க்களத்து நச்சில்தான் இருக்கிறது. கடுகு வாயுவின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1943 டிசம்பர் 2-ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது அமெரிக்கக் கப்பல் ஒன்றில் இருந்த கடுகு வாயு வெளியேறியது. பாதிக்கப்பட்டவர்களின் வெள்ளணுக்கள் சரிந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். பிறகு 1971-ல் அமெரிக்க அதிபர் நிக்சன், அணுவைப் பிளக்கவும் மனிதனை நிலவில் இறக்கவும் காட்டிய அதே முனைப்பைப் புற்றுநோய்க்கும் காட்ட வேண்டும் என்று பேசி, டிசம்பர் 23 அன்று தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'புற்றுநோய்க்கு எதிரான போர்' என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. நிதி திரட்ட, ஆய்வுக்கூடம் கட்ட, நாட்டை ஒன்றுதிரட்ட அந்தப் பெயர் நன்றாகவே உதவியது. அதை நான் மறுக்கவில்லை.

படுக்கையில் இருப்பவருக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி. ஹாசர், ஷ்வார்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. புற்றுநோயை எதிரியாகச் சித்திரிக்கும் வாசகங்களைப் படித்தவர்களுக்கு, குடியைக் குறைப்பது போன்ற, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் தடுப்புமுறைகளில் நாட்டம் குறைந்தது. எதிரி என்றதும் தாக்கத் தோன்றுகிறது, விட்டுக்கொடுக்கவும் அடக்கிக்கொள்ளவும் தோன்றுவதில்லை.

ஜூலை 10, நள்ளிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் போராட்டம் என்ற பேச்சையே ஒழித்துவிடலாம்" என்று சிலர். வேண்டாம். சித்திக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மாவின் கணவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர், அவருக்கும் சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு முறை ஊசிக்குப் போகும்போதும் "இன்னைக்கு ஒரு ரவுண்டு பாத்துடறேன்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போவார். அவரை நிமிர்த்தி வைத்திருந்ததே அந்தச் சண்டைதான். இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலினா செமினோவும் சகாக்களும் நோயாளிகளின் எழுத்துகளையும் பேச்சையும் பெருமளவில் திரட்டிப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: போர் சிலரைத் தளர்த்துகிறது, சிலருக்குத் தெம்பு தருகிறது. பயணம் என்ற உருவகமும் அப்படியே, எல்லோருக்கும் இதமானது கிடையாது. அதனால் அவர்கள் ஒன்றைத் தடைசெய்யச் சொல்லவில்லை, பலவற்றை ஒரு பட்டியலாகத் தொகுத்து, விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளும்படி நோயாளிகள் முன் வைத்தார்கள். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது.

ஜூலை 12

ஒரு வேகத்தடை போட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இழையில் சிலர் "உருவகம் நம் மூளையையே ஆட்டிவைக்கிறது" என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள்.

2011-ல் திபோடோவும் போரோடிட்ஸ்கியும் ஒரு புகழ்பெற்ற சோதனை செய்தார்கள். ஒரு கற்பனை நகரத்தில் குற்றம் பெருகுவதைப் பற்றிய குறிப்பு, எண்கள் இரண்டு பிரதிகளிலும் ஒன்றே. ஒன்றில் குற்றம் நகரத்தை வேட்டையாடும் மிருகம், இன்னொன்றில் நகரத்தைத் தொற்றும் வைரஸ். மிருகம் என்று படித்தவர்களில் 71 சதவீதம் பேர் காவலையும் தண்டனையையும் கூட்டச் சொன்னார்கள். வைரஸ் என்று படித்தவர்களில் அது 54 சதவீதம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் எண்களைத்தான் காரணம் காட்டினார்கள், உருவகத்தைக் கவனித்ததாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். பிறகு 2014-ல் ஸ்டீன், ரெய்னியர்ஸ, பர்கர்ஸ் மூவரும் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், அந்த விளைவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் குழு அதற்கும் 2015-ல் பதில் எழுதியது.

என் கருத்து: ஒற்றை வார்த்தை ஆளை மாற்றிவிடும் என்பதை நான் பெரிதாக நம்பவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே படத்தில் புழங்கி, அதிலேயே கணக்குப்போட்டு, அதிலேயே பரீட்சை எழுதி வந்தால் மாற்றம் நிச்சயம். சார்ஜர் விஷயத்தில் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஜூலை 14

பொருளாதாரத்தில் உருவகம் வெறும் பேச்சாக இல்லாமல் எந்திரமாகவே நின்றிருக்கிறது. நியூசிலாந்துக்காரரான பில் பிலிப்ஸ் முதலில் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்துவிட்டு வந்து லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்தார். 1949-ல் அங்கே ஓர் எந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், கண்ணாடி போன்ற தொட்டிகள், குழாய்கள், அவற்றில் நிறமேற்றிய தண்ணீர். மேலேயிருந்து வருமானம் வழிகிறது, ஒரு கிளை வரியாகப் பிரிகிறது, ஒன்று சேமிப்பாக, ஒன்று இறக்குமதியாக. மிச்சம் செலவாகிக் கீழே வந்து, பம்ப் மூலம் மறுபடி வருமானமாக மேலே ஏறுகிறது. வரியைக் கூட்ட வேண்டுமா, வால்வைத் திருகுங்கள், எங்கே மட்டம் இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.

அந்த எந்திரத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருப்பு வேறு, ஓட்டம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே சமயம் தண்ணீருக்குப் பயம் கிடையாது. அடுத்த மாதம் விலை ஏறும் என்று கேள்விப்பட்டு இன்றைக்கே கடைக்கு ஓடாது. மனிதர்கள் ஓடுவார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது, "அரசாங்கமும் குடும்பம் மாதிரிதான், வரவுக்குள் செலவு செய்ய வேண்டும்" என்ற பேச்சு. பட்ஜெட் வந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கும். ஒரு வீடு செலவைக் குறைத்தால் அதன் வரவு குறையாது. நாட்டின் அரசு ஒரேயடியாகச் செலவைக் குறைத்தால் அந்தச் செலவை வருமானமாக நம்பியிருந்த ஒப்பந்தக்காரர், ஆசிரியர், கடைக்காரர் எல்லோருக்கும் வரவு குறையும், அவர்கள் கட்டும் வரியும் குறையும், கடைசியில் அரசின் வரவே குறையும். பிலிப்ஸின் எந்திரத்தில் இது கண்ணுக்குத் தெரியும், குடும்ப உருவகத்தில் தெரியவே தெரியாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒன்றிய அரசு தன் நாட்டு நாணயத்திலேயே கடன் வாங்குகிறது, பின்னால் ரிசர்வ் வங்கி இருக்கிறது. மாநில அரசுக்கு அப்படி இல்லை. ஒன்றிய அரசுக்கு மாநிலம் திருப்பித் தர வேண்டிய கடன் பாக்கி இருந்தால், புதிதாகக் கடன் வாங்க அரசியலமைப்பின் 293-ஆம் பிரிவின்படி அதன் சம்மதமும் வேண்டும். அதனால் குடும்பம் என்ற ஒப்பீடு மாநிலத்துக்கு ஓரளவு பொருந்தும், டெல்லிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஒரே வாக்கியத்தை இரண்டு இடத்திலும் அடிப்பதுதான் பிரச்சினை.

ஜூலை 15

மென்பொருள் நண்பர் 'தொழில்நுட்பக் கடன்' பற்றிக் கேட்டிருந்தார். 1992-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் பயன்படுத்தியது. அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்தது நிதித்துறைக்கான மென்பொருள், அதனால் மேலாளருக்குப் புரிகிற மாதிரி கடன், வட்டி என்று சொன்னார். இப்போதைக்குப் புரிந்த அளவில் எழுதி வெளியிடுகிறோம், கூடுதலாகப் புரிந்ததும் திருத்தி எழுதிக் கடனை அடைக்க வேண்டும், அடைக்காவிட்டால் வட்டி ஏறும். மோசமாக எழுதியதற்கெல்லாம் இன்று இந்தப் பெயரை வைக்கிறார்கள், அவர் சொன்னது அது இல்லை என்று அவரே பின்னாளில் விளக்கினார். கேட்பவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து எடுத்ததால்தான் அது ஒட்டிக்கொண்டது.

'கிளவுட்' இதற்கு நேர் எதிர். போட்டோ எங்கேயோ மேலே மிதப்பதாக ஒரு நினைப்பு. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் டேட்டா சென்டர்களின் ஜெனரேட்டர் வரிசையையும் குளிர்விக்கும் கருவிகளையும் ஒருமுறை வெளியிலிருந்து பார்த்தாலே போதும், அது எவ்வளவு கனமானது, எவ்வளவு மின்சாரம் இழுப்பது என்று தெரிந்துவிடும். பாரத்தையும் பில்லையும் மறைக்கிற உருவகம் அது.

ஜூலை 18

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது, கீமோ அடுத்த வாரம், நான் என்ன சொல்லிப் பேசுவது?

தம்பி, நீங்கள் எதையும் தயார் செய்துகொண்டு போக வேண்டாம். அப்பா இதை எப்படிச் சொல்கிறார் என்று சில நாள் கேளுங்கள். விவசாயி என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் களை என்று சொல்லலாம், கெட்ட வருஷம் என்று சொல்லலாம், சண்டை என்றும் சொல்லலாம், எந்தப் பெயரும் வைக்காமல் "உடம்பு சரியில்லை" என்று நிறுத்திக்கொள்ளலாம். எதைச் சொல்கிறாரோ அதிலேயே நீங்களும் பேசுங்கள். நடுவில் அவர் மாற்றினால் நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள். பார்க்க வருகிற உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஆளுக்கு ஒரு வசனம் பேச வேண்டாம் என்று. இதைச் சித்தி வீட்டில் நாங்கள் கடைசிவரை செய்யவில்லை.

டாக்டரைப் பார்க்கும்போது மட்டும் எந்த உருவகமும் வேண்டாம். எந்த வகை, எந்த நிலை, என்ன மருந்து, எத்தனை சுற்று, எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் யாரை அழைப்பது, எந்த வாசலுக்குப் போவது என்பதை முதல் நாளே கேட்டு அந்த எண்ணை உங்கள் போனிலும் அம்மா போனிலும் போட்டுவிடுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டுமென்றால் இங்கேயே எழுதுங்கள், தினமும் இரவு பார்க்கிறேன்.